குடில் மலையில் முசுமுசுக்கை

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் டோரதியைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், அவள் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. எம்.ஜி. ரோட்டில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் டெலிபோன் போர்டு அவள் கையில் இருந்தது. சண்டை போடுவதற்கென்றே போன் செய்பவர்கள்கூட அவள் "குட் மார்னிங்" சொன்னதும் எதற்குக் கூப்பிட்டோம் என்பதை மறந்துவிடுவார்களாம். இது டோரதியே சொன்னது, ஆகவே கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அவள் பாடும்போது வெளியே செருப்புக்குக் காவல் இருப்பவரும் தலையாட்டுவார் என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

இப்படிப்பட்ட குரலுக்கு ஒரு சாபம் இருந்தது. டிசம்பர் வந்தால் அது காணாமல் போய்விடும்.

அவள் பாடும் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பத்தை எல்லோரும் வாங்கி முடிந்ததும் ஆர்கன் நின்றுவிடும். பாடற்குழுவில் ஒருவர் மட்டும் முன்னால் வந்து, எந்த வாத்தியமும் இல்லாமல், குடிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஒரு தாலாட்டுப் பாட வேண்டும். பாவாடை கட்டிய காலத்திலிருந்தே டோரதிக்கு அந்தத் தாலாட்டின் மேல் கண். அந்த வாய்ப்பு அவளைத் தேடி வராமலும் இல்லை, வந்தபோதெல்லாம் பெங்களூர்ப் பனி அதைப் பிடுங்கிக்கொண்டது. ஒரு வருஷம் தவளை கத்தியதுபோல் இருந்தது. ஒரு வருஷம் வெறும் காற்றுதான் வந்தது. கடைசி நேரத்தில் கைகொடுத்தவள் ஒவ்வொரு முறையும் பிரிஸில்லா. தங்கமான பெண், ஜெயித்தோம் என்கிற நினைப்பே கிடையாது, பாடி முடித்ததும் வந்து டோரதியின் கையைப் பிடித்துக்கொள்வாள். அதுதான் டோரதிக்குத் தாங்க முடியாத எரிச்சல்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பாடற்குழு மாஸ்டர் டெரிக் ஒத்திகையின்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டான். மரியாதையான பையன், சொல்ல முடியாமல் கழுத்தைச் சொறிந்தான்.

"ஆன்ட்டி, பேஜார் பண்ணிக்காதீங்க. தாலாட்டு இந்த வருஷமும் உங்களுக்குத்தான். ஆனா தொண்டை கட்டிக்கிச்சின்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து பிரிஸில்லாவையே பர்மனென்ட்டா போட்டுடலாம்னு ஃபாதர் சொல்றாரு."

"தாராளமா போடுப்பா" என்றாள் டோரதி. சிரித்துக்கொண்டே சொன்னாள். டெரிக்குக்கு அந்தச் சிரிப்பின் காரணம் புரியவில்லை.

அவள் ஜூன் மாதத்திலிருந்தே தயாராக இருந்தாள் என்பதுதான் காரணம். அந்த வருஷத் தொடக்கத்தில், தவக்காலத்துக்கு முன்னால் கோவில் ஹாலில் மாதர் சங்கத்துக்காக ஒரு சித்த மருத்துவர் பேச வந்திருந்தார். ஜெயலக்ஷ்மி என்று பெயர். டோரதி போனது சமோசாவுக்காக. டாக்டர் ஜெயலக்ஷ்மி பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சமோசா ஆறிப்போனது. பருவம் திரும்பும்போது உடம்பும் திரும்புகிறது, நாம்தான் அதைக் கவனிக்காமல் வருஷம் முழுக்க ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம், பனி வந்த பிறகு மருந்து தேடாமல் பனிக்கு முன்பே சாப்பாட்டை மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்று அவர் சொன்னார். மழையில் முளைக்கும் இலைதான் மழைக்குப் பின் வரும் சளிக்கு மருந்து என்றும் சொன்னார். டோரதிக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து கேள்வி கேட்டாள். மற்ற பெண்கள் வீட்டுக்குப் போக மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்வக்கோளாறு அவளைச் சும்மா விடவில்லை. சென்னைப் பத்திரிகை ஒன்றில் சித்திரைக்கு இன்னின்ன செய்யவேண்டும் என்று போட்டிருந்ததைப் பார்த்து, அப்படியே செய்தாள். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, இளநீர் குடித்து, வெள்ளரிக்காய் தின்று, ஈரத்தலையோடு ஜம்மென்று மொட்டைமாடியில் நின்றாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆலங்கட்டி மழை! பெங்களூரின் சித்திரை அப்படித்தான். அதன்பிறகு தும்மித் தும்மி மூக்கு சிவந்து கிடந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, மெட்ராஸ் வெயிலுக்காக ரிச்சர்ட்ஸ் டவுனில் இளநீர் குடித்திருக்கிறோம் என்று.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். டோரதி படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்து, "ஏங்க, கண்டுபுடிச்சிட்டேங்க!" என்று புருஷனை எழுப்பினாள். இந்த ஊருக்குத் தனிப் பருவம், அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை அவள் கோவில் திருநாள்களை வைத்தே போட்டாள். ஜூனில் அந்தோணியார் திருநாள் வந்தால் மழை மண்ணில் ஊறியிருக்கும், விதை போடலாம். செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா திருநாளில் மழை கொட்டாத வருஷமே அவள் நினைவில் இல்லை, அப்போது கொடி ஏறி நிற்கும். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வரும் மாலையில்தான் தொண்டையில் முதல் அரிப்பு தொடங்கும். அதற்குள் இலை வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். எத்தனையோ வருஷமாகக் கண்ணெதிரே இருந்த விஷயம்! தனக்கு மட்டும் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் அவளுக்குக் குதூகலம் தாங்கவில்லை.

அந்தோணியார் திருநாள் முடிந்த வாரம், ரஸ்ஸல் மார்க்கெட் வாசலில் கீரை விற்கும் பாஞ்சாலியிடம் சொல்லிவைத்து விதையும் தண்டும் வாங்கினாள். பெயின்ட் டப்பாவில் கற்பூரவள்ளி. உடைந்த சிமென்ட் தொட்டியில் தூதுவளை. குளியலறைக்குப் பின்னால், கோவில் காம்பவுண்டும் அவர்கள் வீடும் பங்கு போட்டுக்கொண்ட சுவரடியில், முசுமுசுக்கை. கோவைக்காய்க்குத் தூரத்துச் சொந்தமான சின்னக் கொடி அது. இலை தொட்டால் சொரசொரவென்று பூனை நாக்குப்போல் இருக்கும். தொண்டைக்கு அதுதான் ராணி என்று டாக்டர் ஜெயலக்ஷ்மி சொல்லியிருந்தார்.

முசுமுசுக்கைக்கு வெயில் வேண்டும். டோரதி வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர்த் தொட்டியும் நிழலும்தான். ஆகவே கொடி நன்றிகெட்டத்தனமாகச் சுவரேறிக் குதித்து, கோவில் பக்கம் போய்ப் படர்ந்தது. இந்தப் பக்கம் நாலைந்து காய்ந்த கயிறு தொங்குகிற மாதிரி தண்டு மட்டும் தெரியும். அந்தப் பக்கம் ஒரே பச்சை, மாதா திருநாளுக்கு அப்புறம் பட்டாணி அளவில் சிவப்புச் சிவப்பாகப் பழம். டோரதி ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு மேலே கையை விட்டுப் பறிப்பாள்.

வீட்டில் புதுச் சட்டம் வந்தது. கல்லறைத் திருநாளிலிருந்து ஃப்ரிட்ஜ் தண்ணீர் கிடையாது. ராத்திரி தயிர் கிடையாது. மிளகு ரசம், தூதுவளைத் துவையல், முசுமுசுக்கை அரைத்துப் போட்ட அடை. அவள் புருஷன் ஓஸ்வால்ட் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர், அமைதியான மனிதர், ஐஸ்கிரீம் என்றால் உயிர்.

"இது வூடா, நாட்டுமருந்து கடையா டோரா?" என்று கேட்பார்.

"சும்னே சாப்புடுங்க. டிசம்பர்ல தெரியும்."

கோல்ஸ் பார்க் பக்கம் போய்த் திருட்டுத்தனமாக ஒரு கோன் சாப்பிட்டுவிட்டு வந்தால், வாசலில் அவர் இருமும் இருமலிலேயே டோரதி கண்டுபிடித்துவிடுவாள். அவர் அடையைத் தின்றார். தட்டில் என்ன பச்சை கிடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நவம்பர் போயிற்று. தொண்டை கிண்ணென்று இருந்தது! டிசம்பர் முதல் வாரம் போயிற்று. போர்டில் அவள் "குட் மார்னிங்" மணி அடித்தது. ஒத்திகையில் தாலாட்டின் உச்ச இடத்தை அவள் அநாயாசமாகத் தொட்டபோது டெரிக் ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கும்பிட்டான். டோரதி குளிக்கும்போது பாடினாள், பஸ் ஸ்டாப்பில் முணுமுணுத்தாள், துணி காயப்போடும்போது மூன்று வீட்டுக்குக் கேட்கப் பாடினாள். கிறிஸ்துமஸ் வரவில்லையே என்று தவித்த ஒரே பெரிய மனுஷி அவளாகத்தான் இருப்பாள்.

அதே நேரம் ஓஸ்வால்டுக்கு வேறு காய்ச்சல். கோவில் குடில் அமைப்பது வருஷாவருஷம் அவர் பொறுப்பு. அக்கம்பக்கத்துக் கோவில்களுக்கெல்லாம் குடில் போட்டி நடக்கும், கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் பிறகு நடுவர்கள் வந்து பார்ப்பார்கள். மோட்டார் வைத்து அருவி ஓடவிட்டு, பிளாஸ்டிக் புல் விரித்த பக்கத்துக் கோவிலே எப்போதும் பரிசை அடித்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் புல்லைக் கண்டால் ஓஸ்வால்டுக்கு ரத்தம் கொதிக்கும். இந்த முறை உயிருள்ள பச்சையால் பெத்லகேம் மலையைச் செய்து காட்டுவதாக இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளிடம் சபதம் போட்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. டோரதி டியூட்டிக்குப் போயிருந்தாள். ஓஸ்வால்டும் பிள்ளைகளும் பச்சை தேடி கோவில் காம்பவுண்டைச் சுற்றினார்கள். பின்சுவருக்கு வந்ததும் ஓஸ்வால்ட் அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்கப் படர்ந்த பச்சைக் கொடி, நடுநடுவே சிவப்பு முத்து! அலங்காரம்கூடப் பண்ண வேண்டியதில்லை.

"ஆண்டவரே தொங்கவுட்டு வெச்சிருக்காருடா!" என்று கத்தினார்.

சொந்த வீட்டுச் சுவர்தான். ஆனால் வீட்டுப் பக்கத்தில் அவர் பார்த்தது காய்ந்த கயிறுகளை, தட்டில் பார்த்தது அரைத்த பச்சையை. இரண்டையும் இதோடு முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவே இல்லை. வாடக்கூடாதென்று வேரோடு இழுக்கச் சொன்னார். மண் உதிர உதிரக் கொடி சுவரேறிக் கோவில் பக்கம் வந்தது. ஈரத் தென்னைநார்த் தட்டுகளில் வேரைப் புதைத்து, ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள்வரை பசுமை குறையாதபடி நட்டார். ஃபிட்டர் வேலை செய்கிற கை, சுத்தமாகச் செய்தது.

சாயங்காலம் டோரதி ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே கையை விட்டாள். கையில் வெறும் சுவர்தான் பட்டது. எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து அடியில் பார்த்தாள், பள்ளம்தான் இருந்தது. "யாரோட ஆடுடா அது!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கதவைத் திறந்தது. ஆடு வேரைத் தோண்டித் தின்னாது என்பது கோபத்தில் அவளுக்குப் படவில்லை. கத்திய கத்தலோ, அன்றைக்குக் கரோல் பாட வீடு வீடாகப் போனபோது இறங்கிய பனியோ, மறுநாள் காலையில் தொண்டையில் அந்தப் பழைய அரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு ஓடினாள்.

"முசுமுசுக்கையா? அத யாருக்கா கேக்கறாங்க, நா எட்தாறதே இல்ல" என்றாள் பாஞ்சாலி. "விதைன்னா குடுக்கறேன்."

விதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தூதுவளையும் கற்பூரவள்ளியும் தின்றுபார்த்தாள். அரிப்பு மசியவில்லை.

திங்கட்கிழமை மாலை ஓஸ்வால்ட் அவள் கண்ணைப் பொத்தி அழைத்துப் போனார். சனிக்கிழமையிலிருந்து அவர் கோவிலே கதியென்று கிடந்ததால் வீட்டில் நடந்த கூத்து அவருக்குத் தெரியாது. "இப்ப பாரு" என்று கையை எடுத்தார்.

மலை எழும்பி நின்றது. பச்சைச் சரிவு, அதில் சிவப்புப் பழங்கள், சின்னச் சின்ன விளக்கு, மேலிருந்து இறங்கிவரும் இடையர்கள். டோரதிக்கே ஒரு நிமிஷம் மனசு பொங்கியது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். இலை சொரசொரவென்றது.

"இது என் முசுமுசுக்கை" என்றாள்.

"என்னா?"

"ரெண்டு மாசமா அடையில தின்னீங்களே, அது! என் தொண்டைங்க அது! அதப் புடுங்கி மலை கட்டி வெச்சிருக்கீங்க!"

ஓஸ்வால்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் ஆணியும் சுத்தியுமாக அசையாமல் நின்றார்கள். பிளாஸ்டிக் புல்லை ஜெயித்துவிட்டோம் என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தவர்கள். டோரதி அவர்களைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். ஓர் இலையில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்லாருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அது கோபமா, தொண்டைக்கு ஓய்வா என்று ஓஸ்வால்டுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

இருபத்துநாலாம் தேதி காலையில் போர்டில் உட்கார்ந்து "குட் மார்னிங்" என்றாள். வெறும் காற்று வந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விஷயம் எப்படியோ டெரிக்குக்குப் போய்ச் சேர, பிரிஸில்லாவையும் தயாராக இருக்கச் சொல்லிவிட்டதாக அவன் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனான். டோரதி தலையாட்டினாள். அடுப்படிக்குப் போய்க் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் பொரித்தாள். பொரித்துக்கொண்டே தாலாட்டின் முதல் வரியை முனகிப் பார்த்தாள். நடுவில் உடைந்தது. கரண்டியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை.

ஓஸ்வால்ட் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கோவிலுக்குப் போனார். குடிலுக்குள் ஏறி, தன் மலையைத் தானே உருவ ஆரம்பித்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

"அங்கிள்! என்னா பண்றீங்க? நாளைக்கு ஜட்ஜுங்க வராங்க!"

"வரட்டும்டா. பழத்த வுட்டுடுங்க, இலைய மட்டும் பறிங்க. பிஞ்சு இலை நல்லது."

முணுமுணுத்துக்கொண்டே அவர்களும் பறித்தார்கள்.

பக்கெட் அடுப்படியில் வந்து இறங்கியதும் டோரதி எட்டிப் பார்த்தாள். அவளால் நம்ப முடியவில்லை.

"உங்க மலை?" என்றாள், காற்றாக.

"பனிக்காலத்துல மலை மொட்டையாத்தான் இருக்கும். பருவம் பருவம்னு நீதான சொல்லுவ?" என்றார் ஓஸ்வால்ட், அவளைப் பார்க்காமல். "கஷாயத்துக்குத் தண்ணி எவ்ளோ வைக்கணும், அதச் சொல்லு."

இலையோடு மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு, சுண்டக் காய்ச்சி, பனங்கல்கண்டு போட்டுக் குடித்தாள். மதியம் குடித்தாள், விளக்கு வைத்ததும் குடித்தாள். கற்பூரவள்ளி போட்டு ஆவி பிடித்தாள். பனியில் இறங்கக்கூடாதென்று நடுராத்திரிப் பூசைக்குப் போகவில்லை. ஊர் என்ன சொல்லுமோ சொல்லட்டும் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

காலையில் அவள் வாயே திறக்கவில்லை. ஓஸ்வால்ட் புடவை நன்றாக இருக்கிறது என்றதற்கும் தலையாட்டல், தெருவில் வாழ்த்தியவர்களுக்கும் தலையாட்டல். குரல் இருக்கிறதா, போய்விட்டதா என்று அவளுக்கே தெரியாது. இருக்கிற கொஞ்சத்தையும் சோதித்துப் பார்த்துச் செலவழிக்க அவளுக்கு மனசில்லை. பாட்டுகளின்போது வாயை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்ற பிரிஸில்லா பாட்டுப் புத்தகத்தில் தாலாட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

நன்மை வாங்கி முடிந்தது. ஆர்கன் நின்றது. டெரிக் திரும்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிரிஸில்லா டோரதியைப் பார்த்தாள். டோரதி பிரிஸில்லாவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு முன்னால் போனாள்.

வாயைத் திறந்தாள். வந்தது!

முதல் வரி கொஞ்சம் கரகரவென்றுதான் வந்தது. இரண்டாவது வரியில் கரகரப்பு உதிர்ந்தது. மூன்றாவது வரியில் குரல் எழும்பி, கூரையைத் தொட்டு, கோவிலை நிறைத்தது. கைக்குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. உச்ச இடம் வந்தபோது டெரிக் கண்ணை மூடிக்கொண்டான், பிரிஸில்லா வாயைப் பொத்திக்கொண்டாள், டோரதி மட்டும் மொட்டை மலையடியில் படுத்திருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தபடியே அதைத் தாண்டினாள். இத்தனை வருஷத்து டிசம்பர்களும் அந்த ஒரு மூச்சில் தீர்ந்துபோயின. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொருமுறை முதலிலிருந்து பாடலாமா என்றிருந்தது.

பூசை முடிந்து நடுவர்கள் குடிலுக்கு வந்தார்கள். விளக்கைப் பார்த்தார்கள், இடையர்களைப் பார்த்தார்கள். மலை பழுப்பாக நின்றது, இலையில்லாத கொடியில் சிவப்புப் பழம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட நடுவர் ஒருவர் மோவாயைத் தடவினார்.

"எல்லாம் சக்கத்தா இருக்குது. மலைய மட்டும் ஏன் சார் இப்டி மொட்டையா வுட்டுட்டீங்க?"

ஓஸ்வால்ட் பதில் சொல்ல வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. தாலாட்டு முடிந்ததிலிருந்தே அவருக்குத் தொண்டை அடைத்துக்கிடந்தது, கண்ணும் அப்படியே.

"அந்த மலை பூரா என் தொண்டைல இருக்குது சார்" என்றாள் டோரதி. அவள் சொன்னது கோவில் வாசலுக்கு வெளியே செருப்புக்குக் காவல் இருந்தவருக்கும் கேட்டது.

பரிசு அந்த வருஷமும் பிளாஸ்டிக் புல்லுக்குத்தான் போனது. அதைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் நினைப்பில்லை. நடுவர்கள் போனதும் டோரதி இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைப் பிரித்தாள். அவசரத்துக்கென்று முடிந்து வைத்திருந்த கடைசி முசுமுசுக்கை இலை அதில் இருந்தது. அதை ஓஸ்வால்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மெல்லுங்க. தொண்டை அடைச்சிக்கிச்சில்ல" என்றாள்.

அவர் மென்றார். கண்ணிலிருந்து வழிந்தது மீசையில் இறங்கியது.

"சொரசொரன்னு இருக்குது" என்றார் ஓஸ்வால்ட்.